பனிச்சறுக்கும் ஒரு சிவப்புப் பொத்தானும்

ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து மேலே அனுப்புவதுதான் என் தொழில். அரசியலிலும் இதைச் செய்கிறவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் யாரும் என்னளவுக்குப் பயந்து நான் பார்த்ததில்லை.

துபாயில் ஒரு மாலுக்குள்ளேயே மலையைக் கட்டிப் பனியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே மணல், உள்ளே மைனஸ் மூன்று டிகிரி. ஜனங்கள் காலில் நீளமான பட்டைகளை மாட்டிக்கொண்டு மேலிருந்து சறுக்கி வருவார்கள். சறுக்க வேண்டுமென்றால் முதலில் மேலே போக வேண்டுமே, அதற்காக இரும்புக் கம்பியில் நாற்காலிகள் தொங்கியபடி ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றில் நாலு பேர் உட்காரலாம். அது யாருக்காகவும் நிற்காது. ஓடும்போதே உட்கார வேண்டும், ஓடும்போதே இறங்க வேண்டும். கீழே ஏறுகிற இடத்தில் இரண்டு பொத்தான்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் நான். மஞ்சளை அழுத்தினால் இந்த நாற்காலி லிஃப்ட் மெதுவாகும். சிவப்பை அழுத்தினால் அப்படியே நின்றுவிடும், அதில் இருக்கிற அத்தனை பேரும் அந்தரத்தில் தொங்குவார்கள்.

டிசம்பர் வந்தால் வெளியே உலகத்துக்கே லீவு, எங்களுக்கு மட்டும் லீவு கேன்சல். பண்டிகை நாளில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பிறத்தியார் சந்தோஷத்துக்குக் காவல் நின்ற ஒவ்வொருவருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். போன டிசம்பரில் எனக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம் இருந்தது. ஜனவரி முதல் வாரத்தில் என் ஆறு மாத ப்ரொபேஷன் முடிகிறது. தேறினால் வேலை நிலைக்கும். தேறாவிட்டால் அல் குசைஸில் உள்ள ரூமைக் காலி செய்துவிட்டுப் பரமக்குடிக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். ஊரில் மனைவியும் பத்தாவது படிக்கிற மகளும் இருக்கிறார்கள். பயத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கரும்பு ஊர்க்காரன்

லிஃப்டில் நிற்கிறவனுக்கும் சறுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. மேலே ஏதாவது ஆனால் சறுக்கிக்கொண்டு கீழே வந்து சேர வேண்டுமாம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜாய் என்ற பிலிப்பினோப் பெண். முதல் நாள், "இதில் யாருக்காவது ஏற்கெனவே தெரியுமா?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பி என்கூட வேலைக்குச் சேர்ந்த பகதூரைப் பார்த்தோம். அவன் நேபாளி. நேபாளி என்றால் பனியிலேயே பிறந்து பனியிலேயே தவழ்ந்திருப்பான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அவனும் மறுக்காமல் மெல்லத் தலையாட்டினான்.

அவனை நேராகப் பாதிச் சரிவுக்குக் கூட்டிப்போய் விட்டார்கள். பகதூர் அங்கிருந்து கிளம்பியது மட்டும்தான் எனக்குத் தெரியும். அடுத்து வலைத் தடுப்பில் தலைகீழாகக் கிடந்தான். நான் தத்தித் தத்திப் போய் அவனைத் தூக்கிவிட்டேன். என் காதோடு இந்தியில் சொன்னான்: "பாய், எங்க ஊர் அடிவாரத்துல சமவெளி. கரும்புதான் விளையும். பனியை நானும் டிவியிலதான் பாத்திருக்கேன். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாத."

யான்புவில் தூக்கிய கை

இங்கே வருவதற்கு முன்னால் சவூதியில், யான்புவில் இருந்தேன். சுத்திகரிப்பு ஆலைகளில் பராமரிப்பு வேலை நடக்கும்போது கிரேனுக்குச் சைகை காட்டுவதுதான் என் வேலை. கையைத் தூக்கினால் கிரேன் நிற்கும். என்னோடு அதே வேலை பார்த்தவன் புதுக்கோட்டைச் செல்வம். ஒரு நாள் பெரிய குழாய் ஒன்றைத் தூக்கும்போது கட்டு நழுவுகிறது என்று செல்வத்துக்குத் தோன்றியது. கையைத் தூக்கிவிட்டான். எல்லாவற்றையும் நிறுத்தி, இறக்கி, பார்த்தார்கள். கட்டு கல்லு மாதிரி இருந்தது. ஃபோர்மேன் எல்லோருக்கும் முன்னால் வைத்து, "உன்னை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார்.

மூன்றாவது வாரம் செல்வத்தின் காண்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அதற்கு அந்தக் கைதான் காரணமா, இல்லை வேறு ஏதாவதா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் தொழிலாளர் கேம்ப்பில் இருந்த அத்தனை பேரும் கைதான் காரணம் என்று எடுத்துக்கொண்டோம். பயத்துக்குச் சாட்சி எதற்கு? பெட்டியைக் கட்டிக்கொண்டே செல்வம் சொன்னதை நான் மறக்கவில்லை: "கையத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டா சேது."

நாற்பது பேரும் ஒரு வரிசையும்

டிசம்பர் இரண்டாம் தேதி தேசிய நாள் விடுமுறை. ஒரு கட்டடக் கம்பெனி தன் கேம்ப் ஆட்கள் நாற்பது பேரைப் பஸ்ஸில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்து இறக்கியது. பாதிப் பேர் நம் ஆட்கள். பூட்ஸ், ஜாக்கெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, சைட்டில் காலையில் நிற்பது போலவே உயர வாரியாக வரிசையில் நின்றார்கள். விளையாட வந்த முகமே இல்லை. ஒருவர் என்னிடம் வந்து, இது எத்தனை மணிக்கு முடியும் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு எனக்கு மேலே, இறங்குகிற இடத்தில் டூட்டி. ஒரு நாற்காலியில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். நடுவில் இருந்த அரியலூர்க்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், இறங்கவே இல்லை. நான் வா வா என்று கையை ஆட்டினேன். அவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார். நாற்காலி அவரோடு சேர்ந்து திரும்ப ஆரம்பித்தது. நல்லவேளை, யாராவது இறங்காமல் போனால் தடுப்புக் கம்பியில் கால் பட்டு லிஃப்ட் தானாக நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். ஓடிப்போய் இறக்கி, "ஏண்ணே இறங்கல?" என்று கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "யாரும் எறங்கச் சொல்லலியே தம்பி. சொல்லாம எறங்கி, அதுக்கு எதுவும் சொல்லிட்டாங்கன்னா?"

முந்தானை

கோயம்புத்தூரிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்திருந்த ஒரு அக்கா, சேலைக்கு மேலேயே எங்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பேன்ட் மாட்ட மாட்டேன் என்று உடை கொடுக்கிற இடத்தில் சண்டை போட்டு ஜெயித்து வந்திருக்கிறார். வரிசையில் நகர்ந்து வருகையில்தான் பார்த்தேன். ஜாக்கெட்டுக்குக் கீழே ஒரு முழம் முந்தானை பனியில் இழுபட்டு வருகிறது. பின்னால் நாற்காலி வந்துகொண்டிருக்கிறது. அதன் இடுக்கில் துணி சிக்கினால் என்ன ஆகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை.

கையால் எடுத்துவிடவும் முடியாது. கஸ்டமர், அதுவும் பெண், அதுவும் முந்தானை. தொட்டேன் என்றால் வேலை போவதோடு நிற்காது. சிவப்பை அழுத்த மனம் வரவில்லை. மஞ்சளை அழுத்திவிட்டு, வாயைத் திறந்து, மொத்த மலைக்கும் கேட்கும்படி, "அக்கா, முந்தானை!" என்று கத்தினேன். அந்த அக்கா வாரிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மேலே போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "துபாய் வந்தும் முந்தானையப் பாத்து உக்காருன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் இருக்குது பாருங்க!"

மெதுவாகப் பயப்படு

டிசம்பர் மூன்றாம் வாரம் எனக்குச் சறுக்குத் தேர்வு. மேலிருந்து கீழே வரை விழாமல் வர வேண்டும். இரண்டு முறைக்கு மேல் விழுந்தால் ஃபெயில். மேலே நின்று பார்த்தேன். கீழே கிறிஸ்துமஸ் மரம் விரல் அளவுக்குத் தெரிந்தது. குலசாமியைக் கூப்பிட்டேன். வெயிலிலேயே நிற்கிற சாமி அது, இந்தக் குளிருக்குள் எப்படி வரும் என்று அந்த நேரத்திலும் ஒரு சந்தேகம் வந்தது.

பட்டைகளின் முனைகளை ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஆமை மாதிரி குறுக்கும் நெடுக்குமாக வந்தேன். ஆறு வயதுப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு தடவை உட்கார்ந்தேன், விழுந்ததாக ஜாய் கணக்கில் எடுக்கவில்லை. கீழே வந்து சேர எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது, ஜாயின் கையிலிருந்த காபி ஆறிப்போயிருந்தது. தாளில் பாஸ் என்று எழுதிவிட்டு ஜாய் சொன்னார்: "சேது, பயப்படுகிறவர்கள் எல்லோரும் வேகமாகப் பயப்பட்டு விழுகிறார்கள். நீ மெதுவாகப் பயப்படுகிறாய். அது போதும்."

நான்கு விநாடி

கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், மாலை நாலு மணி. அந்த வருஷத்தின் மிகப் பெரிய கூட்டம். ஒரு அப்பாவும் ஏழு வயது மகளும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தமிழ்க் குடும்பம். அம்மா கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், காபிக் கடையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். "சார், கம்பியை இறக்குங்க" என்றேன். முன்னால் இறக்குகிற பாதுகாப்புக் கம்பி அது. "இறக்கறேன், இறக்கறேன்" என்றவர் அதற்குள் அம்மாவுக்காகப் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனார். பிள்ளையும் அம்மாவைப் பார்க்க எட்டிக் குனிந்தது. அப்படியே வழுக்கி, நாற்காலியிலிருந்து கீழே தொங்கியது. அப்பா ஒரு கையால் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துவிட்டார். நாற்காலி அவர்களை எடுத்துக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருந்தது.

சிவப்புப் பொத்தான் என் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என் இடது கை வாக்கி-டாக்கியை எடுத்தது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். சூப்பர்வைசர் மார்ட்டினைக் கூப்பிட்டு, "சார், நிறுத்தலாமா?" என்று கேட்டேன். "என்ன, மறுபடி சொல்" என்றார். நானும் மறுபடி சொன்னேன். பிள்ளை "அப்பா, அப்பா" என்று அலறியது எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் இரண்டாம் முறையும், "சார், நிறுத்தலாமா?" என்றேன். "பாய், பட்டன்!" என்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த பகதூர் கத்திய பிறகுதான் என் வலது கை சிவப்பில் இறங்கியது.

முதலிலேயே அழுத்தியிருந்தால் இடுப்பு உயரத்தில் நின்றிருக்கும். இப்போது இரண்டு ஆள் உயரம். பகதூரும் வரிசையில் நின்றவர்களும் ஓரத்திலிருந்த வலைத் தடுப்பைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கீழே விரித்துப் பிடித்தார்கள். ஜாக்கெட்டிலிருந்து பிள்ளையின் ஒரு கை ஏற்கெனவே கழன்றுவிட்டது. பகதூருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் இருந்த இடத்திலிருந்து கத்தினேன்: "சார், விட்டுருங்க, புடிச்சுக்குவாங்க!" அவர், "முடியாது, முடியாது" என்று அழுதார். எந்த அப்பனுக்கு முடியும்? என் மகளாக இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். "சார், துணிதான் உங்க கையில இருக்கு, புள்ள நழுவுது. நேரா விழட்டும், விடுங்க சார்!" அவர் கண்ணை மூடிக்கொண்டு விட்டார்.

பிள்ளை வலையில் விழுந்து ஒரு துள்ளுத் துள்ளி, பகதூரின் மடியில் கிடந்தது. உதடு மட்டும் பல்லில் பட்டுக் கிழிந்திருந்தது. நான் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி ஓடிவிடுமோ என்று பயம். அப்படியெல்லாம் ஓடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அரைமணி நேரம் கழித்து, முதலுதவி அறையிலிருந்து அந்தப் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. அப்பா வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது: "அங்கிள், ஐ வாஸ் ஸ்க்ரீமிங். அப்போ நீங்க யார்கூட பேசிட்டிருந்தீங்க?"

மார்ட்டினின் அறை

மறுநாள் காலையில் கூப்பிட்டார்கள். ராத்திரியே பெட்டியைக் கட்டிவைத்துவிட்டேன். மனைவிக்குப் போன் செய்து, ஒருவேளை வந்தாலும் வருவேன் என்று மட்டும் சொன்னேன். "என்ன தப்பு செஞ்சீங்க?" என்று கேட்டாள். நிறுத்தினேன் என்று சொல்வதா, நிறுத்தவில்லை என்று சொல்வதா, எனக்கே தெரியவில்லை. மகளிடம் போனைக் கொடுக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

மார்ட்டின் ஸ்லோவாக்கியா நாட்டுக்காரர், நிஜ மலையில் வளர்ந்தவர், அதிகம் பேச மாட்டார். கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். நான்கு விநாடிதான். மூன்று தடவை போட்டார். அந்தப் படத்தில் எல்லோரும் அசைகிறார்கள், நான் மட்டும் வாயருகே வாக்கி-டாக்கியை வைத்துக்கொண்டு நிற்கிறேன். என் மூஞ்சியை என்னாலேயே பார்க்க முடியவில்லை. யான்பு, செல்வம், தூக்கிய கை எல்லாவற்றையும் என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார், ப்ரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். அனுப்பவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் அவர் பார்க்காதது போல் இருந்தார். நான் கதவருகே போனதும் மேஜையிலிருந்தே சொன்னார்: "சேது, அந்தப் பொத்தானை என் அறையில் வைக்கவில்லை. உன் கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஏன் என்று யோசி."

புத்தாண்டு மதியம்

ஜனவரி முதல் தேதி, மறுபடி அதே இடம், அதே பொத்தான்கள். ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்தார், கம்பியும் இறக்கியாயிற்று. நாற்காலி மேடையைத் தாண்டியதும் சட்டென்று முன்னால் குனிந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சிவப்பை அறைந்தேன். மொத்த லிஃப்டும் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. மேலே தொங்குகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த அம்மாவுக்குக் காலில் பூட்ஸ் அரித்திருக்கிறது, சொறியக் குனிந்திருக்கிறார். யான்புக் கட்டைப் போலவே இந்தக் கம்பியும் கல்லு மாதிரிதான் இருந்தது.

லிஃப்டை மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் மேலே, கீழே எல்லாம் சரிபார்த்து ஒவ்வொருவராக ஓகே சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷமும் எனக்கு யான்புவின் ஃபோர்மேன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வாக்கி-டாக்கியில் மார்ட்டின் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். "ஓகே" என்று மட்டும் வந்தது. வரிசையில் முதலாவதாக நின்ற சென்னைக்காரர் ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை. குளிரில் மூக்கு சிவந்து, குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். "ஹலோ, யாரைக் கேட்டுப்பா நிறுத்துன?" என்றார். நான் சொன்னேன்: "யாரையும் கேக்கல சார்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா, எவ்வளவு திமிரு!"

பதினாறு வருஷ கல்ஃப் வாழ்க்கையில் எனக்குத் திமிர் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை, அதைக் கேட்டும் என் கால் நடுங்கத்தான் செய்தது, ஆனால் இந்தத் தொழிலில் நடுங்குவதற்கு உரிய நேரம் பொத்தானை அழுத்திய பிறகுதான்.